நீங்கள் இடதா, வலதா?

வரி குறைய வேண்டும், மருத்துவம் எல்லாருக்கும் இலவசமாக வேண்டும், அப்படியென்றால் அரசியலில் நான் இடதா வலதா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு நிறையச் செய்ய வேண்டும் என்பவர்களை இன்று பொதுவாக இடது என்றும், வரியும் அரசின் பங்கும் குறைய வேண்டும் என்பவர்களை வலது என்றும் சொல்கிறோம். நண்பர்கள் 'முரண்பாடு' என்றதற்காக மனம் தளராதீர்கள்.

இந்தப் பிரிவினை 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் ஆட்கள் உட்கார்ந்த பக்கத்தை வைத்து வந்தது. அன்று அவர்களைப் பிரித்தது மன்னருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வி. அரசின் செலவு அல்ல.

ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக (சான்சலர்) இருந்த பிஸ்மார்க்கைப் பாருங்கள். 1878இல் சோஷலிஸ்டுகளைச் சட்டம் போட்டு ஒடுக்கிய பழமைவாதி. அதே மனிதர்தான் 1883இல் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடும் 1889இல் முதியோர் ஓய்வூதியமும் கொண்டுவந்தார். தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. அவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது?

அதனால் 'எவ்வளவு அரசு' என்று மொத்தமாகக் கேட்காமல் துறைவாரியாக யோசியுங்கள். அரசு பணம் கொடுப்பது வேறு, அரசே நடத்துவது வேறு. பிரிட்டனில் மருத்துவமனைகளையே அரசு நடத்துகிறது. கனடாவில் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதி அரசுடையது, ஆனால் மருத்துவர்கள் பலர் சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். உங்களுக்கு எது சரி?

அப்புறம், வரி குறைந்தால் எந்தச் செலவை விடத் தயார்? உங்கள் நண்பர்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். எழுதுங்கள், பேசலாம்.