பழைய சோறு சாப்பிட்டால் நோய் எதிர்ப்பு சக்தி கூடுமா? குடல் பாக்டீரியா பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா?

உங்கள் வீட்டில் யாரோ பழைய சோற்றை நீட்டியிருக்க வேண்டும், இல்லை யாரோ நல்ல பாக்டீரியாவை அடைத்த ப்ரோபயாடிக் கேப்சூலை உங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை. பி.காம் முடித்துவிட்டு மதுரை கீழமாசி வீதியில் பலசரக்குக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆனால் இந்த விஷயத்தில் வயிற்றால் போய்ப் பாடம் படித்தவன்.

சித்திரைத் திருவிழா சமயம், எதிர்சேவை அன்றைக்குக் கடைவாய்ப்பல் வலியில் கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் போகப் பயம். மெடிக்கலில் இருந்த பையன் ஓர் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து, "ஏழு நாள் போடுங்கண்ணே, வத்திரும்" என்றான். வற்றியது. மறுபடி வலித்தபோது நானே போய் இன்னொரு அட்டை வாங்கினேன். அதுதான் வினை.

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போனது. மாடிக் குடியிருப்பு; மோட்டார் சுவிட்ச் கீழே ஹவுஸ் ஓனர் வீட்டுக்குள். "என்ன தம்பி, டேங்க்கு ரெண்டு தடவ காலியாகுது, விருந்தாளி வந்திருக்காகளா?" என்று படியில் நின்று கேட்கிறார். இதே மனுஷன்தான் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் எட்டாயிரம் பிடித்தவர். பதினோரு மாதத்தில் சுவரில் ஓர் ஆணிகூட நான் அடிக்கவில்லை! சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

மலத்தைப் பரிசோதித்ததில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்று ஒரு கிருமி. டாக்டரம்மா சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது: "மாட்டுத்தாவணியில பஸ் காலியா வந்தா என்ன நடக்கும்? மொதல்ல துண்டு போட்டவனுக்குத்தான் சீட்டு. மாத்திரை போட்டு நல்லவங்களையெல்லாம் எறக்கி விட்டுட்டீங்க." நல்லவர்கள் என்றது குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை.

பிறகு தேடிப் படித்தேன். கல்லீரலிலிருந்து வரும் பித்த அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த மாறிய அமிலம் இந்தக் கிருமியை வளர விடாது. மாற்றுகிற பாக்டீரியா செத்துப்போனால் காவலும் போச்சு. எனக்கு இந்தக் கிருமியைக் கொல்ல வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக், தினம் நாலு வேளை, பத்து நாள். அதற்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் விடுகிறார்கள். நெதர்லாந்தில் செய்து 2013-ல் வெளியான ஆய்வில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு விட்டார்கள். 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் சரியானது. இதைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது பழைய சோறு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வகையாக இறுகிவிடுகிறது. அது பெருங்குடல் வரை போய், அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து ப்யூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகிறது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். வீணாகச் சண்டைக்கு நிற்கும் நோய் எதிர்ப்பு செல்களை அடக்குகிற டி செல்கள் பெருகவும் அது உதவுவதை 2013-ல் எலிகளில் காட்டினார்கள். எலிகளில்! இதைப் படித்துவிட்டு "முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். "எதிர்ப்பு சக்தி கூடும்" என்பதைவிட அதன் நிதானம் கெடாமல் இருக்கும் என்பதுதான் பொருத்தம். எங்கள் அப்பத்தா தினமும் பழைய சோறுதான் குடித்தார், சர்க்கரையும் இருந்தது.

குடல் பாக்டீரியா இரண்டு கிலோ இருக்கும் என்பதும் கதை. 2016-ல் போட்ட கணக்குப்படி எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி, எடை ஏறத்தாழ 200 கிராம்.

நான் சின்ன வெங்காயம், மோர் மிளகாயோடு வாரம் மூன்று நாள் குடிக்கிறேன், பிடித்திருப்பதால். கேப்சூல் வாங்கவில்லை. அந்தப் பல்லைக் கடைசியில் பிடுங்கியாயிற்று. கால் மணி நேர வேலை.