பலகை ஏன் உதைக்கிறது?

கேள்வி: ஏற்காட்டு எஸ்டேட்டில் சாய்த்த சில்வர் ஓக் மரத்தைப் போன மாதம் பலகையாக்கிக் கொண்டுவந்தேன். மார்பிள் கட்டரைப் பிளைவுட் மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பூட்டி, மரம் அறுக்கும் பிளேடு மாட்டி நீளவாக்கில் அறுத்தேன். பாதியில் பலகை என் வயிற்றை நோக்கிப் பாய்ந்தது. பிடி தளர்ந்துவிட்டதா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இல்லை. இறுக்கிப் பிடித்திருந்தாலும் பாய்ந்திருக்கும். ஈரம் காயாத பலகையை அறுக்கும்போது உள்ளே இருக்கும் முறுக்கு விடுபட்டு, அறுத்த தடம் பிளேடுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும். முன்பக்கப் பற்கள் மரத்தை மேஜையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேலெழுந்து உங்கள் பக்கம் திரும்புகின்றன. தடம் மூடியதும் பின்பற்கள் பலகையைக் கவ்வி எறிந்துவிடும். 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றினால், பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 250 கி.மீ. பலகை பறந்ததும், அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை நேரே பிளேடில் போய் விழும். விரலுக்கு ஆபத்து அந்தக் கணத்தில்தான்.

தடம் மூடாமல் தடுக்க, பிளேடுக்குப் பின்னால் சுமார் 5 மி.மீ. தள்ளி, அதே நேர்கோட்டில் ஓர் இரும்புத் தகடு நிற்க வேண்டும். அதன் கனம் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், அறுபடும் தடத்தைவிடக் குறைவாகவும் இருக்கட்டும். தடம் 2 மி.மீ. என்றால் 1.8 சரி. வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். பலகை சாய்ந்து ஓடும் பக்கக்கட்டை பின்முனையில் பிளேடை நெருங்கியிருந்தாலும் இதே உதைதான், அரை மி.மீ. விலகியிருக்கலாம்.

கைக்குப் பதில் தள்ளுகட்டை: 18 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரம், பலகையின் பின்முனையைப் பிடித்துத் தள்ள அடியில் 6 மி.மீ. குதிகால். மேலே கைப்பிடி. பிளேடுக்கும் பக்கக்கட்டைக்கும் இடைவெளி 15 செ.மீ.க்குள் வந்தால் கையை மேஜையில் வைக்கவே வேண்டாம். பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

இவ்வளவு செய்தாலும் அந்த மேஜை எங்களுக்கு நிம்மதி தரவில்லை. ஸ்விட்ச்சை ஆனில் பூட்டிவிட்டு ஓட்டும் கட்டர், கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்பிவிடும். கரண்ட் போனதும் அணைந்து, மறுபடி அழுத்தினால் மட்டும் ஓடவிடும் நோ-வோல்ட் ஸ்விட்ச் கட்டாயம். பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று மெஷினின் சுற்றைவிடக் குறைவென்றால் அதை மாட்டவே கூடாது. நீள அறுப்புக்கு 7 அங்குல சர்க்குலர் ரம்பம் வாங்குங்கள். பலகையைக் கிளாம்ப் போட்டு, நேர்ச்சட்டத்தை ஒட்டி மெஷினை நகர்த்தினால் இரண்டு கையும் மெஷின் பிடியிலேயே இருக்கும்.

பலகையை மலைப் பனியில் வைக்காமல் சேலத்திலேயே நிழலில், 1 அங்குலக் குச்சிகள் இடையிட்டு அடுக்குங்கள். வெட்டுமுனைகளில் பெயிண்ட் பூசுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பலகையை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே அறுக்கலாம்.

கேள்வி: சில்வர் ஓக் மரத்தூள் பட்டுக் கை அரிக்கிறது. கையுறை போட்டு அறுக்கலாமா?
- வாசகி, ஏற்காடு

பதில்: கூடாது. சுழலும் பல் நூலிழையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சில்வர் ஓக் சிலருக்குத் தோல் அழற்சி தரும் மரம். முகக்கவசம் போட்டு அறுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையுறை பலகை தூக்க மட்டும்.