கொழும்புக்குப் பக்கத்தில், தெகிவளையில் சின்னப் பின்வளவு. காகம்தான் வருகிறது. வேறு பறவைகளைப் பார்க்க வழியுண்டா?

உண்டு. முதலில் மிச்சச் சோறு போடுவதை நிறுத்துங்கள், காகம் அதற்குத்தான் வருகிறது. மண்சட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு சட்டியின் ஓரத்தில்தான் முட்டையை ஒட்டிவைக்கும். ஜாம் பழ மரம் இருந்தால் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் தானாக வரும். செவ்வரத்தைக்குத் தேன்சிட்டு.

அப்புறம், மூலையில் விழும் சருகைக் கூட்டாதீர்கள், பக்கத்து வீட்டார் என்ன சொன்னாலும் சரி. ஒக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி அதைக் கிளறித்தான் புழு பிடிக்கும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, தத்தித் தத்திப் போகும். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் விசிலடிப்பதுபோல் கூப்பிடும். அநேகமாக முதலில் குரல்தான் கேட்கும்.

கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) எட்டிப்பார்த்தால் கல்லெறிய வேண்டாம், வழிவிட்டால் போய்விடும்.