சுவரில் எட்டுக்கால் பூச்சி, கையில் ஸ்ப்ரே டின்

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு தரைத்தள ஃப்ளாட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. மழை தொடங்கியதிலிருந்து வீட்டுக்குள் ஏதாவது ஒரு பூச்சி வந்துகொண்டே இருக்கிறது. கரப்பான், எறும்பு, ஈசல், பெயர் தெரியாத குட்டிப் பூச்சிகள். எட்டுக்கால் பூச்சி என்றால் எனக்கு உயிரே போய்விடும். போன வாரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று சமையலறைச் சுவரில் உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கு அடியில் சட்டைப் பட்டன் மாதிரி வெள்ளையாக எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. பாதி டின் ஸ்ப்ரேயை அதன்மேல் அடித்துவிட்டேன். ஊறுகாய் ஜாடி பக்கத்தில் விழுந்து துடித்தது. நானும் கத்தினேன், என் ஆறு வயது மகளும் கத்தினாள். அன்றிலிருந்து அவள் சமையலறைக்குத் தனியாக வருவதில்லை. 'சிலந்தியைக் கொல்லாதே, பாவம்' என்கிறார் மாமியார். 'விஷப் பூச்சி, விட்டுவைக்காதே' என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் சமையலறைக்கு வருவதில்லை என்ற வரியில் கண் நின்றுவிட்டது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த எட்டுக்கால் பூச்சியைப் பற்றிப் பேசிவிடலாம்.

நீங்கள் பார்த்தது ஒரு தாய்ச் சிலந்தி. அது பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைப் பட்டன் அதன் முட்டைப் பை. சில நூறு முட்டைகளை நூலால் சுற்றி, தட்டையாக ஒரு பொட்டலம் கட்டி, குஞ்சு பொரிக்கும்வரை போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டே திரியும். அறிவியலில் இதற்கு ஹெட்டெரோபோடா வெனடோரியா என்று பெயர். வெனடோரியா என்றால் வேட்டையாடுவது. இது வலை பின்னாது. பகலில் காலண்டருக்குப் பின்னாலும் பரண் சாமான்களுக்கு இடையிலும் ஒண்டிக் கிடக்கும். ராத்திரி விளக்கு அணைந்ததும் வேட்டைக்குப் புறப்படும். அதன் முக்கிய இரை என்ன தெரியுமா? கரப்பான் பூச்சி. ஓடுகிற கரப்பானை ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். அதாவது உங்கள் சமையலறையில் சம்பளம் வாங்காமல் ராத்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தது அது.

கையால் பிடித்து நசுக்கினால் கடிக்கும். கொஞ்சம் வலிக்கும், வீங்கும், தணிந்துவிடும். மற்றபடி நம்மைத் தேடி வந்து கடிக்கிற சுபாவம் அதற்குக் கிடையாது. நம் வீடுகளில் வழக்கமாகப் பார்க்கிற மற்ற சிலந்திகளும் அப்படித்தான். கழிவறை மூலையில் தலைகீழாகத் தொங்கும் குச்சிக்கால் சிலந்தியை லேசாக ஊதிப் பாருங்கள். உடம்பை வேகமாக ஆட்டி, கண்ணுக்கே தெரியாதபடி மங்கலாகிவிடும். மிரண்டுபோய்த் தன்னை மறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன் வலையில் சிக்குவதில் கொசுவும் உண்டு.

அதனால் சிலந்தி விஷயத்தில் நான் உங்கள் மாமியார் பக்கம். அவர் 'பாவம்' என்பதற்கு, திருவானைக்காவில் சொல்கிற கதையும் ஒரு காரணமாக இருக்கலாம். நாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாமல் இருக்கச் சிலந்தி வலை பின்னி வைத்ததாம். தினமும் நீர் கொண்டுவந்து பூஜை செய்த யானை அதை அசுத்தம் என்று நினைத்துப் பிய்த்துப் போட்டதாம். அந்தச் சிலந்தியே பிறகு கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது என்பார்கள். சிலந்தி பந்தலாகக் கண்டது யானைக்கு அழுக்காகத் தெரிந்தது. உங்கள் வீட்டில் மாமியாருக்கும் கணவருக்கும் நடக்கிற வாக்குவாதம் அந்த அளவுக்குப் பழையது!

அதற்காக வீடு முழுக்க ஒட்டடை தொங்க வேண்டும் என்று சொல்லவில்லை. தூசி படிந்து கருத்துத் தொங்குவது பெரும்பாலும் சிலந்தி விட்டுவிட்டுப் போன வலை. வாரம் ஒரு முறை ஒட்டடைக் கம்பால் அதை எடுத்துவிடுங்கள். சிலந்தி உள்ளே இருந்தால் கம்போடு வெளியே கொண்டுபோய் உதறுங்கள், போதும்.

ஆனால் உங்கள் கணவரின் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். தரைத்தளம், மழைக்காலம், வீட்டில் சின்னக் குழந்தை. பயப்பட வேண்டிய பூச்சிகள் இருக்கவே இருக்கின்றன. நாம் பயத்தை வைத்திருக்கிற இடம்தான் மாறிப்போயிருக்கிறது.

ஒன்றைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறேன். மழை விட்ட ராத்திரிகளில் டியூப் லைட்டைச் சுற்றி, கட்டெறும்பு போல ஒல்லியான ஒரு பூச்சி வரும். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கறுப்புத் தலை, செம்மஞ்சள் மார்பு, அப்புறம் நீலக்கறுப்பில் குட்டையான இறக்கை மூடி, மறுபடி செம்மஞ்சள், நுனியில் கறுப்பு. இது வண்டு இனம், பெயர் பெடரஸ். சில வருஷங்களுக்கு முன் படித்துக்கொண்டிருந்தபோது என் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பார்க்காமலே அடித்துத் தேய்த்துவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் கழுத்தில் சூடு போட்டதுபோல் ஒரு நீளக் கோடு சிவந்து எரிந்தது. அடுத்த நாள் கொப்புளம். பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: 'எட்டுக்கால் பூச்சி எச்சில் பட்டிருக்கிறது.'

சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெடரஸ் கடிக்காது, கொட்டாது. அதை நசுக்கினால்தான் உடம்புக்குள் இருக்கிற பெடரின் என்ற நச்சு நம் தோலில் படுகிறது. கை எந்தப் பக்கம் தேய்த்ததோ அந்தப் பக்கம் கோடு விழும். அதே கையால் கண்ணைத் தொட்டால் இமை வீங்கிவிடும். ஆகவே மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள், அல்லது ஒரு காகிதத்தில் ஏற்றிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இதே வண்டு நெல் வயலில் புகையான் பூச்சியைத் தின்று பயிரைக் காப்பாற்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு விளக்குக்கு வந்ததால் அது கெட்ட பூச்சி ஆகிவிடாது.

இந்த 'எச்சில்' விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிசையாக, வலியோடு கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். அது வைரஸால் வருவது. காவி எழுதிக்கொண்டு காத்திருக்காமல் 3 நாளைக்குள் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது தேளும் பூரானும். இரண்டும் ஈரத்துக்கும் இருட்டுக்கும் வரும். வெளிக்கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறை ஜல்லடையை ராத்திரி மூடி வையுங்கள். மகளின் பள்ளி ஷூவைத் தினமும் தட்டிவிட்டே போடச் சொல்லுங்கள். பூரான் கடி பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும். செந்தேள் அப்படியல்ல, குழந்தைகளுக்கு இதயத்தையே பாதிக்கும். கொட்டிய பிறகு குழந்தைக்கு வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி வந்தாலோ, கை கால் சில்லிட்டாலோ வெங்காயம் தேய்ப்பது, மந்திரிப்பது என்று ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை இதற்குக் கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மருந்து இருக்கிறது, நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

கொசுவிடம் மட்டும் தயவு தாட்சண்யமே வேண்டாம். டெங்கு கொசு நல்ல தண்ணீரில், நம் வீட்டுக்குள்ளேயே வளரும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை எப்போது கழுவினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மணி பிளான்ட் பாட்டிலையும் பாருங்கள். எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்தக் கிண்ணமும் கொசுவுக்குத் தொட்டில்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் உயிரோடிருக்கும். வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிப்பதை நிறுத்துங்கள். கண்ணில் பட்ட ஒன்று சாகும், மீதி எல்லாம் பக்கத்துப் பொந்துக்கு ஓடும். மருந்து சமையல் மேடையிலும் குழந்தையின் மூச்சிலும் தங்கும். கரப்பானுக்கென்று கடையில் கிடைக்கிற ஜெல்லை மிளகளவு எடுத்து, அலமாரிக் கீல் இடுக்கிலும் சிங்குக்கு அடியிலும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். தின்ற கரப்பான் கூட்டத்துக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, ஜெல் வீண். ராத்திரி சிங்கைத் துடைத்துக் காயவிட்டு, எச்சில் பாத்திரம் போடாமல் படுத்தாலே பாதி குறையும். ஃப்ளாட் என்பதால் குழாய் வழியாக மேல் வீட்டிலிருந்தும் வரும். சங்கக் கூட்டத்தில் பேசி எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன்.

எறும்புக்கு, வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். முன்னே போன எறும்பு விட்டுப்போன வாசனைக் கோடு அழிந்தால் பின்னால் வருவதற்கு வழி தெரியாது. எறும்புச் சாக்பீஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பூச்சி மருந்து, ஆறு வயதுக் குழந்தைக்கோ எழுதுகிற சாக்பீஸ். அந்துருண்டையையும் கைக்குழந்தைகளின் துணியோடு வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும், அந்த வாசனையே அவர்களின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும்.

ஈசல் ஒரு ராத்திரி விருந்தாளி. விளக்கை அணைத்துவிட்டு வாசலில் ஒரு விளக்கைப் போட்டால் வெளியே போய்விடும். ஆனால் காலையில் உங்கள் வீட்டு நிலைப்படி ஓரத்திலேயே இறக்கைகள் குவிந்து கிடந்தாலோ, சுவரில் மண் கோடு ஏறியிருந்தாலோ கரையான் உள்ளேயே இருக்கிறது. அதற்கு ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, மகள் விஷயம். பிள்ளைகள் எதற்குப் பயப்படுவது என்பதை நம் முகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அவள் அன்று சிலந்தியைப் பார்த்துக் கத்தியதைவிட உங்களைப் பார்த்துக் கத்தியிருப்பாள் என்றே தோன்றுகிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சிலந்திப் பயம் எத்தனையோ பேருக்கு இருப்பதுதான், அதட்டினால் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினால் போகும். முதலில் இருவரும் சேர்ந்து படம் பாருங்கள். பிறகு ஜன்னல் ஓரத்தில் குதித்துக் குதித்துப் போகுமே, ஈயளவு குட்டிச் சிலந்தி, அதைத் தூரத்திலிருந்து பாருங்கள். நாம் நகர்ந்தால் அதுவும் உடம்பைத் திருப்பி நம்மைப் பார்க்கும். எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் இரண்டும் பெரியவை. உங்கள் மகளுக்கு அது கட்டாயம் பிடிக்கும். தூக்கம் கெடும் அளவுக்குப் பயம் போனால் மனநல ஆலோசகரிடம் போகத் தயங்காதீர்கள், அவர்களும் இந்த வழியில்தான் படிப்படியாக அழைத்துப்போவார்கள்.

அடுத்த முறை பெரியது வந்தால் இப்படிச் செய்யுங்கள். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, இரண்டையும் சமையலறையிலேயே கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி அசையாமல் இருக்கும்போது டப்பாவை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, அட்டையைச் சுவரை ஒட்டி அடியில் நுழைத்தால் உள்ளே வந்துவிடும். தோட்டத்தில் செடிப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள். முதல் தடவை மாமியார் பிடிக்கட்டும், நீங்கள் மகளோடு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டாவது தடவை அட்டையை நீங்கள் பிடியுங்கள். தேளுக்கும் பூரானுக்கும் இந்த வேலை ஆகாது என்பதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவற்றைப் பார்த்தால் பெரியவர்களைத்தான் கூப்பிட வேண்டும். டப்பா மட்டும் வெளியிலிருந்து உள்ளே தெரிகிற மாதிரி இருக்கட்டும். விடுவதற்கு முன் அவள் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் இல்லையா?