மலைச்சரிவில் மணல் பூமி: வண்டல் ஏற்றலாமா?

கேள்வி: பழனி மலையில் பண்ணைக்காட்டுக்கு மேலே சரிவில் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறோம். ஒரு பாதி பழைய காபி, மறு பாதி தைலமரம் வெட்டிய வெற்றிடம். மண்ணைக் கையில் எடுத்தால் உப்புக்கல் போல நறநறவென்று இருக்கிறது, நடுவே மின்னும் துகள்கள். தண்ணீர் விட்டால் சுவடே இல்லாமல் இறங்கிவிடுகிறது. ஆனால் கோடை முடிந்து பெய்த முதல் மழையை இதே மண் குடிக்காமல் வழியவிட்டது. ஐப்பசியில் யூரியா போட்டோம், பலன் தெரியவில்லை. காபியின் அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தாழ்வில் உள்ள தோட்டத்தில் நல்ல செம்மண். கீழே இருந்து கண்மாய் வண்டல் நாற்பது லோடு ஏற்றினால் எங்கள் மண்ணும் அப்படி ஆகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா? பட்டர் ஃப்ரூட்டும் கமலா ஆரஞ்சும் வைக்க ஆசை.

பதில்: வண்டல் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் காதில் ஏறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் மட்டும் ஏறக்குறைய 900 டன் எடை. நீங்கள் சொல்வது போன்ற மண்ணில் களி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் களி உள்ள நல்ல வண்டலைக் கலந்து அதை 15 சதவீதம் ஆக்க, ஏக்கருக்கு 250 டன்னுக்கு மேல் தேவை. ஆறு டன் டிப்பரில் நாற்பது நடைக்கு மேல். உங்களிடம் இருப்பது இரண்டு ஏக்கர். இவ்வளவையும் மலைப்பாதையில் ஏற்றி, சரிவில் பரப்பி, கொத்திக் கலந்து முடித்தால், கொத்தி இளகிய அந்த மண்ணை அடுத்த ஐப்பசி மழை கழுவிக்கொண்டு போகும். இன்னொன்று, சமவெளிக் கண்மாய் வண்டல் பல இடங்களில் காரத்தன்மை உள்ளது. கூடவே பார்த்தீனிய விதையும் நூற்புழுவும் இலவசமாக ஏறிவரும்.

சரி, உங்கள் மண் ஏன் இப்படி இருக்கிறது? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அடியில் இருப்பது கிரானைட் வகைப் பாறை. அதில் முக்கியமாக மூன்று சரக்கு: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. மழையில் நனைந்து காலங்காலமாக உளுக்கும்போது இவை மூன்றும் ஒரே மாதிரி சாவதில்லை. கறுப்பு மைக்கா முதலில் சிதையும். அதிலிருந்து வரும் இரும்புதான் மண்ணில் தெரியும் துருச்சிவப்பு. அடுத்தது ஃபெல்ட்ஸ்பார். அது மெல்ல வெள்ளைக் களிமாவாக, அதாவது கயோலினைட்டாக மாறும். குவார்ட்ஸ் எதற்கும் அசைவதில்லை. பாறை முழுக்கப் போனபின்னும் அது மணலாகவும் சரளையாகவும் நிற்கும். உங்கள் விரலில் நறநறக்கிறது அதுதான். மின்னுவது சிதையாமல் மிச்சமிருக்கும் மைக்கா.

இதை நேரில் பார்க்க, நிலத்தில் ஒரு மூலையில் மூன்றடிக் குழி வெட்டுங்கள். கீழே போகப் போகப் பாறை மாதிரியே தெரியும், வரியும் புள்ளியும் கூட அப்படியே இருக்கும். ஆனால் கடப்பாரை பட்டால் பொலபொலவென்று உதிரும். அதில் வெள்ளையாகத் தெரியும் ஒரு மணியை நகத்தால் சுரண்டுங்கள். மாவாக வந்தால் ஃபெல்ட்ஸ்பார் களியாகிவிட்டது. நகம்தான் தேய்கிறது என்றால் அது குவார்ட்ஸாகவோ இன்னும் உளுக்காத ஃபெல்ட்ஸ்பாராகவோ இருக்கும். இந்த உளுத்த பாறை உங்களுக்கு எதிரியல்ல. மரவேர் அதன் விரிசல்களில் இறங்கும், மழைநீர் அதில் ஊறி நிற்கும். மலையில் வெயில் காலத்திலும் சொட்டுகிற ஊற்றுகள் பலவற்றுக்கு இப்படி ஒரு உளுத்த அடுக்குதான் தொட்டி.

அப்படியானால் பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டும் செம்மண் எப்படி? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, பாறையே வேறு. பழனி மலையிலும் நீலகிரியிலும் பெரும்பகுதி சார்னோகைட். கிரானைட்டுக்கு உறவுதான், ஆனால் நிறம் கறுப்பு, இரும்பு கூடுதல். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. அதனால் 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். கல் போனது நம் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து, பெயர் வந்தது கல்கத்தாவிலிருந்து! இந்தப் பாறை மலைமழையில் உளுத்தால் பெரும்பாலும் சிவந்த களிமண்தான் கிடைக்கும். அதன் நடுவே வெளிர்நிறக் கிரானைட்டோ குவார்ட்ஸ் வரிகளோ ஓடும் இடத்தில் மண் மணலாகிவிடும். இரண்டாவது காரணம் எளிது. நீங்கள் மேலே, அவர் கீழே. மணிக்குக் கனம், மாவுக்கு லேசு. உங்கள் நிலத்தில் உண்டான களியைத்தான் மழை இறக்கி அவர் நிலத்தில் சேர்த்திருக்கிறது. அவர் மண்ணைப் பார்த்து ஏங்குகிறீர்கள், அதில் ஒரு பங்கு உங்களுடையதாகவே இருக்கலாம்.

இப்போது யூரியாவுக்கு வருவோம். களியும் மட்கும் கொக்கி போல. பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் போன்ற சத்துகளை மழையில் போகாமல் பிடித்துவைப்பவை அவைதான். கயோலினைட் களி 100 கிராமுக்கு 3 முதல் 15 அலகு பிடிக்கும். நன்றாக மக்கிய மட்கு அதே எடைக்கு 200 அலகு வரை பிடிக்கும். மணலுக்குக் கொக்கி அனேகமாக இல்லை. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறிய பிறகு களியின் கொக்கியிலும் மாட்டாது, தண்ணீர் போகும் வழியில் போய்விடும். மணல் மண்ணில் ஓர் அங்குல மழை நைட்ரேட்டை ஏறக்குறைய ஒரு அடி கீழே தள்ளிவிடும். இங்கே வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் மூன்று அங்குலம் பெய்வது அதிசயமில்லை. நீங்கள் போட்டது காபிக்குப் போகவில்லை, ஓடைக்குப் போயிருக்கும்.

ஆகவே இந்த மண்ணில் உரம் என்பது மாதச் சம்பளமல்ல, தினக்கூலி. மொத்தமாகக் கொடுக்காமல் நான்கைந்தாகப் பிரித்துக் கொடுங்கள். கனமழை எதிர்பார்க்கும் வாரத்தில் கையை வைக்காதீர்கள். கொக்கி வேண்டும் என்றால் மட்கைச் சேர்ப்பதுதான் வழி. வண்டலுக்கு ஒதுக்கிய பணத்தில் கால்வாசியைத் தொழு உரத்துக்கும் மூடாக்குக்கும் செலவழித்தாலே போதும் என்பது என் கணக்கு. காபிக்கு நிழலாகவும் மிளகுக்குப் பிடிமரமாகவும் இங்கே கல்யாண முருங்கை வைப்பது வழக்கம். அதை வெற்றிடத்திலும் வையுங்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும், கழித்த தழை அப்படியே மூடாக்கு. மூன்று நான்கு அங்குலக் கனம் இருக்கட்டும், தண்டை ஒட்டிப் போடவேண்டாம். காட்டுப்பன்றி மண்புழு தேடி வந்து எல்லாவற்றையும் கிளறிப்போடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, மறுபடி பரப்புவதைத் தவிர.

முதல் மழை வழிந்தோடியது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல கவனிப்பு. தைலமர இலையின் மெழுகும் எண்ணெயும் மணல்மணிகள் மேல் படிந்துவிடும். மண் காய்ந்ததும் அந்தப் படலம் தண்ணீரைத் தள்ளும். களிமண்ணில் மணிகளின் பரப்பு அதிகம் என்பதால் அவ்வளவாகத் தெரியாது. மணலில் கொஞ்சம் மெழுகே போதும். காய்ந்த மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்துப் போலப் பத்து நொடிக்கு மேல் உருண்டு நின்றால் இதுதான் காரணம். மேல் ஓர் அங்குலத்தை மட்டும் லேசாகக் கீறிவிட்டு, தழை பரப்பி, மெதுவாக நனையவிடுங்கள். வெட்டிய சருகைக் கொளுத்திவிடாதீர்கள். தீ இந்தக் குணத்தை அதிகமாக்கும், மட்கையும் கொண்டுபோகும்.

அடி இலையில் நரம்பு பச்சை, இடை மஞ்சள் என்பது பெரும்பாலும் மெக்னீசியக் குறை. மழை கழுவிய மலை மணலுக்கு இது உடன்பிறந்த வியாதி. உடனடிக்கு லிட்டருக்கு 10 கிராம் மெக்னீசியம் சல்பேட் கரைத்து இலையில் தெளிக்கலாம். நிலைத்த தீர்வு டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல்தூள். அது மெக்னீசியமும் தரும், புளிப்பையும் குறைக்கும். தைலமரம் வெட்டிய இடத்தில் பெரணி தானாக முளைத்துப் பரவுகிறதென்றால் மண் புளித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. களிமண் தோட்டத்துக்காரர் போடும் அளவை இங்கே போட்டுவிடாதீர்கள். மணல் மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, சீக்கிரம் ஏறிவிடும். ஏறினால் துத்தநாகமும் போரானும் இலைக்குக் கிடைக்காமல் போகும். பி.எச். 5.5-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு அரை டன் போட்டு, ஒரு வருடம் பொறுத்து மறுபடி பாருங்கள். டோலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகப் போடாமல் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் கறாரானது. இப்படிப்பட்ட மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்கு எட்டும் தண்ணீராக 60 முதல் 80 மி.மீ. வைத்திருக்கும். மணலும் களியும் அளவாகக் கலந்த நல்ல இருமண்பாட்டில் இது 150-ஐத் தாண்டும். உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்கு சரளை என்றால் 40, 50 மி.மீ. தான். தோட்டம் வெயில் நாளில் 4 மி.மீ. குடிக்கும். வேர் ஒரு மீட்டர் இறங்கிய மரம் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். ஓரடி வேர் உள்ள கன்றுக்கு மூன்று நான்கு நாள்தான். அதனால் வாரம் ஒருமுறை தொட்டி நிறைய ஊற்றுவதை விட, வாரம் இருமுறை அளவாக விடுவது மேல். சொட்டுநீர் போட்டால் கன்றுக்கு ஒரு முனை போதாது. களியில் ஈரம் பூசணி போலப் பக்கவாட்டில் பரவும், மணலில் முள்ளங்கி போல நேரே கீழே போகும். இரண்டு முனை, ஒரு முழ இடைவெளியில்.

பட்டர் ஃப்ரூட் வையுங்கள், தாராளமாக. அந்த மரத்தைக் கொல்வது பெரும்பாலும் தேங்கிய தண்ணீரில் வரும் வேரழுகல். உங்கள் நிலத்தில் தேங்க வழியே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துச் செம்மண்காரருக்கு இந்த வசதி கிடையாது. கமலா ஆரஞ்சில் மட்டும் நிதானம் தேவை. கீழ்ப்பழனி மலையில் ஆரஞ்சுத் தோட்டங்கள் நலிந்ததில் கிரீனிங் நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. அதன் மஞ்சள், சத்துக்குறை மாதிரியே ஏமாற்றும். இலையின் இரு பாதியிலும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் சத்துக்குறை. ஒரு பாதியில் ஒரு விதமாகவும் மறு பாதியில் வேறு விதமாகவும் திட்டுத்திட்டாக இருந்தால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கன்றை வழியில் யாரிடமோ வாங்காமல், தடியன்குடிசையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். காபி பற்றிய சந்தேகத்துக்குத் தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டுக்கோ பாதைக்கோ சரிவின் அடியை வெட்டும் எண்ணம் இருந்தால், பொறியாளரைக் காட்டாமலும் அனுமதி இல்லாமலும் தொடாதீர்கள். உளுத்த கிரானைட் காய்ந்திருக்கும்போது சுவர் போல நிற்கும். நாலைந்து நாள் விடாமல் ஊறினால் அதே சுவர் கூழாகச் சரியும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் இறந்த நிலச்சரிவுகள் கனமழையில்தான் நடந்தன. செங்குத்தான சரிவில் நீர் தேக்கும் குழிகளும் ஆபத்து. அங்கே கல்வரப்பும் வெட்டிவேர் வரிசையும் போதும்.

அடுத்து மண் பரிசோதனை. வீட்டிலேயே ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கி வைக்கலாம். ஒரு நிமிடத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல் (கண்மாய் வண்டல் அல்ல, மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட நுண்துகள்), மறுநாள் வரை கலங்கி நிற்பது களி. வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு மலை மண்ணைப் பார்த்து, மணலுக்கு மேல் படிந்த பளபளப்பான அடுக்கை வண்டல் என்று எழுதிக்கொடுத்தேன். அது முழுக்க மைக்கா. தட்டையாக இருப்பதால் சருகு போல ஆடி ஆடித் தாமதமாகத்தான் இறங்கும். தோட்டக்காரர் என் பேச்சை நம்பி உரத்தைக் கூட்டி வீணாக்கினார். பாட்டிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், மினுமினுத்தால் அந்த அடுக்கைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஆய்வகத்துக்கு அனுப்ப, காபிப் பகுதிக்கு ஒன்று, வெற்றிடத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுங்கள். பழமரம் வைக்கப்போவதால் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழங்களில் தனித்தனியாக அரைக் கிலோ வேண்டும். உரம் போட்ட வட்டத்திலும் எருக்குவியல் இருந்த இடத்திலும் எடுக்கக்கூடாது. அனுப்புமுன் நிழலில் உலர்த்தி, மொத்த மண்ணை எடை போடுங்கள். பிறகு 2 மி.மீ. சல்லடையில் சலித்து, மேலே தங்கிய சரளையையும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். ஆய்வகம் சரளையைத் தள்ளிவிட்டு, சலித்த மண்ணில் மட்டும்தான் சத்தைப் பார்க்கும், பிறகு ஏக்கர் முழுவதும் அந்த மண்தான் என்பது போலக் கிலோவில் எழுதும். பத்துக் கிலோவில் மூன்றரைக் கிலோ சரளை என்றால், அறிக்கையில் 100 கிலோ பொட்டாஷ் என்று வருவதை நீங்கள் 65 என்று படிக்கவேண்டும். அறிக்கை வந்ததும் அந்தச் சரளை எடையையும் சேர்த்து எழுதுங்கள், டோலமைட் அளவைத் திருத்திச் சொல்கிறேன்.