ஏஜென்ட் அனுப்பும் டிரைவரிடம் வேன் சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: விழுப்புரம் பக்கத்தில் அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு எங்கள் அறக்கட்டளை பகல்நேர மையம் நடத்துகிறது. பிள்ளைகளை அழைத்து வர 12 சீட் வேன் இருக்கிறது. ஆறு வருடமாக ஓட்டியவர் வேலையை விட்டுவிட்டார். ஒரு ஏஜென்ட், "நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் சரியாக இருக்கும்" என்கிறார். (பேட்ஜ் என்றால் போக்குவரத்து வாகனம் ஓட்டுவதற்கான தனி அனுமதி.) எங்கள் தன்னார்வலர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், 61 வயது, சம்பளம் வாங்காமல் ஓட்டித் தருவதாகச் சொல்கிறார். அவரிடம் கார் லைசென்ஸ்தான் உண்டு. யாரை வைப்பது? ஏதாவது ஆகிவிட்டால் மாட்டிக்கொள்வது யார்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். குற்ற வழக்கு டிரைவர் மேல் வரும். நஷ்டஈடு வழக்கு ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் மேல் வரும். ஏஜென்ட் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த காலத்தில் விபத்து வண்டிகளைப் பார்க்கப் போன இடங்களில் ஆள் அனுப்பிய ஏஜென்ட் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. போன் போட்டால் எடுக்கவும் மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதே தொகையை உங்களிடம் வசூலிக்கக் கோர்ட்டில் கேட்கும். இதில் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. உரிமையாளர் கவனமில்லாமல் வண்டியைக் கொடுத்தார் என்பதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-லேயே சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கோர்ட்டில் உங்களைக் கேட்கப்போவது ஒன்றுதான்: சாவியைக் கொடுக்கும் முன்பு நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? "ஏஜென்ட் சொன்னார்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

பார்ப்பது கடினமே இல்லை. பரிவாஹன் இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் அது செல்லுபடியாகிறதா, எந்தத் தேதி வரை, எந்த வகை வண்டிக்கு என்பதெல்லாம் வந்துவிடும். இதை உங்கள் போனில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். திரையில் வந்ததைப் பிரிண்ட் எடுத்து, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு ஃபைலில் வையுங்கள். லைசென்ஸ் முடியும் தேதியைக் காலண்டரிலும் குறியுங்கள். முடிந்த பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்று டீக்கடையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2019 சட்டத் திருத்தத்தில் அந்தச் சலுகை போய்விட்டது.

ஏஜென்ட் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தந்திரங்கள் இரண்டு. டிரைவருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அவருடைய ஒரிஜினல் லைசென்ஸை ஏஜென்ட் பிடித்து வைத்துக்கொள்வார். டிரைவர் கையில் ஜெராக்ஸ்தான் இருக்கும். ஒரிஜினலையோ போனில் டிஜிலாக்கரில் இருக்கும் லைசென்ஸையோ அவர் தன் கையால் காட்டவில்லை என்றால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள். இரண்டாவது தந்திரம் இதைவிட மோசம். முதல் வாரம் நல்ல ஆள் வருவார், உங்கள் ஃபைலில் அவருடைய காகிதம் ஏறும். மூன்றாவது வாரம், "அவருக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு மட்டும் இவர்" என்று இன்னொருவர் வந்து நிற்பார். ஃபைலில் ஒருவர், ஸ்டியரிங்கில் வேறொருவர். விபத்து இந்த மாதிரி நாளில் நடந்தால் நீங்கள் பார்த்து வைத்த எந்தக் காகிதமும் உதவாது. மாற்று ஆள் வேண்டுமானால் அவரையும் முன்கூட்டியே நீங்களே சோதித்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு வேன் ஓடவேண்டாம், பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளோடு பழகும் நிறுவனம் என்பதால் உங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் சட்டத்தின் 2020 விதிகளின்படி, நிரந்தரமோ ஒப்பந்தமோ, ஊழியர் ஒவ்வொருவருக்கும் போலீஸ் சரிபார்ப்பு செய்தாக வேண்டும். ஒரு தடவை செய்தால் போதாது, அவ்வப்போது செய்ய வேண்டும். டிரைவரும் அதில் அடக்கம். தன்னார்வலருக்கும் சேர்த்தே செய்துவிடுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

இனி ஆசிரியர். அவரை ஏஜென்ட், புரோக்கர் எல்லாரும் சேர்ந்து பயமுறுத்துவார்கள்: "பேட்ஜ் இல்லாமல் வேனைத் தொடக்கூடாது, கொடுங்கள், நான் போட்டுத் தருகிறேன்." இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வேன் சட்டப்படி போக்குவரத்து வாகனம். கார் லைசென்ஸ், அதாவது எல்.எம்.வி., வைத்திருப்பவர் இப்படிப்பட்ட வண்டியை ஓட்டலாமா என்று பல வருடம் வழக்கு நடந்தது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டியானால் தனி அனுமதி வேண்டியதில்லை என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதை மறுபடி கேள்வி கேட்டார்கள். 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதையே உறுதி செய்தது. எடையை எங்கே பார்ப்பது? ஆர்.சி.யில் 'மொத்த எடை' என்று ஒரு எண் இருக்கும். காலி வண்டியின் எடையும் அதில் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மொத்த எடை என்றால் ஆள் ஏறிய பிறகு வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட எடை. 12 சீட் வேன் 7,500-க்கு வெகு கீழே நிற்கும். ஆகவே லைசென்ஸைப் பொறுத்தவரை ஆசிரியர் ஓட்டலாம். தீர்ப்பு வந்து இவ்வளவு காலம் ஆகியும், கவுன்டரில் கேட்டால் ஒரு ஊழியர் ஒரு மாதிரியும் அடுத்தவர் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். எளிய தமிழில் ஒரு பக்க அறிவிப்பு எழுதி வாசலில் ஒட்டியிருந்தால் எத்தனை பேர் புரோக்கரிடம் பணம் கொடுக்காமல் தப்பித்திருப்பார்கள்! எனக்கு இதில் கோபம் உண்டு.

ஆனால் அதே ஆர்.சி.யில் உங்கள் வேன் கல்வி நிறுவன வாகனம் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லைசென்ஸ் மட்டும் போதாது. 2012-இல் சென்னைக்கு அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. வண்டியின் நிலை, டிரைவரின் அனுபவம், உடன் வரும் உதவியாளர் எல்லாவற்றுக்கும் அதில் நிபந்தனை உண்டு. கார் மட்டுமே ஓட்டிப் பழகிய ஒருவரை அந்த வண்டியில் உட்கார வைக்காதீர்கள். பதிவு எப்படி இருந்தாலும் உதவியாளர் இல்லாமல் வேன் கிளம்பக்கூடாது. பின்சீட்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு நொடி போதும்.

வயது இன்னொரு விஷயம். 55 தாண்டியவருக்கு லைசென்ஸ் ஐந்தைந்து வருடமாகத்தான் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சான்று எப்படி வாங்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டது நிறைய என் மேஜைக்கு வந்திருக்கிறது. அதனால் நீங்களே அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். புரை தொடங்கியிருந்தால் எதிர் வெயிலிலும் எதிர்வண்டி வெளிச்சத்திலும் கண் கூசும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவரானால், காலையில் சாப்பிடாமல் வண்டி எடுக்கக்கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

வேலைக்கு எடுக்கும் முன் யாராக இருந்தாலும் பக்கத்து சீட்டில் நீங்கள் உட்கார்ந்து, உங்கள் ரூட்டிலேயே, பிள்ளைகள் இல்லாமல் இரண்டு நாள் ஓட்டச் சொல்லுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டியதை வைத்து ஒருவர் ரோட்டில் எப்படி ஓட்டுவார் என்று சொல்லவே முடியாது. திண்டிவனம் ரோட்டில் லாரி பின்னால் எவ்வளவு இடைவெளி விடுகிறார், போன் அடித்தால் கை எங்கே போகிறது, பிள்ளை ஏறி உட்காரும் முன் வண்டி நகர்கிறதா, பின்னால் எடுக்கும்போது இறங்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி அதே ஃபைலில் வையுங்கள்.

டிரைவரை வேலைக்கு வைத்த பிறகு அறக்கட்டளைகள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. நன்கொடையாளரை நள்ளிரவு சென்னை ஏர்போர்ட்டில் அழைத்து வரச் சொல்லிவிட்டு, காலை ஏழரைக்கு அதே டிரைவரைப் பிள்ளைகளை எடுக்க அனுப்புவார்கள். தூக்கத்தில் ஓட்டுகிறவர் குடித்துவிட்டு ஓட்டுகிறவரைப் போலத்தான். விருந்தினருக்கு வாடகைக் கார் பிடித்துக் கொடுங்கள். டிரிப் கணக்கில் சம்பளம் பேசாதீர்கள், மாதச் சம்பளமாகக் கொடுங்கள். டிரிப் கணக்கென்றால் அவசரம் தானாக வந்துவிடும்.

பாலிசியை எடுத்து, சம்பள டிரைவருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறு தொகைதான். ஆசிரியர் சம்பளம் வாங்காதவர் என்பதால் அதில் வரமாட்டார், அவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுங்கள். வேன் நன்கொடையாக வந்ததா? அப்படியானால் ஆர்.சி. இன்னும் கொடுத்தவர் பெயரிலேயே இருக்கக்கூடும், பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள்.

நானாக இருந்தால் ஏஜென்டை விட்டுவிட்டு, உங்கள் பழைய டிரைவரிடமே போன் போட்டுக் கேட்பேன். ஆறு வருடம் ஒரே வேலையில் இருந்தவருக்கு, பிள்ளைகளை ஏற்றி ஓட்டக்கூடிய இரண்டு பேரையாவது தெரிந்திருக்கும். ஆள் கிடைக்கும்வரை, பதிவும் கண் பரிசோதனையும் அந்த இரண்டு நாள் ஓட்டமும் சரியாக இருந்தால் ஆசிரியர் பகலில் ஓட்டட்டும்.