ராமநாதபுரம் கடற்கரையில் இனி என்ன வேலை? கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்துக்கும் இவ்வளவு நீளம் கிடையாது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. படகில் பங்குக்குப் (பிடிபடும் மீன் வருமானத்தில் ஒரு பங்கே கூலி) போன குடும்பங்கள் இன்று கடல்பாசி, இறால் பண்ணை, நண்டுச் சதை எடுக்கும் ஷெட், வளைகுடா நாடு என்று பிரிந்து கிடக்கின்றன. வந்த கேள்விகள் எல்லாமே "இந்த வேலைக்குப் போகலாமா" என்பதுதான். எந்த வேலையானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: காற்று மாறினால், விலை விழுந்தால், நோய் வந்தால் அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது?

கேள்வி (பாம்பன்): அண்ணே, மகளிர் குழு மூலமா பாசி வளர்க்கக் கூப்பிடுறாங்க. ஒரு ஆளு மாசம் 15,000 பாக்கலாம்னு சொல்றாங்க. நம்பலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கம்மா. நம் ஊரில் "பெப்சி பாசி" என்று சொல்கிற கப்பாபைகஸ்தான் அது. மிதவை 12 அடிக்கு 12 அடி, மூன்று நான்கு அங்குல மூங்கில், நாலு மூலையிலும் குறுக்கு மூங்கில். ஒரு மிதவைக்கு 20 கயிறு. கயிறு ஒன்றுக்கு 20 இடத்தில், இடத்துக்கு 150 கிராம் வீதம் விதைப்பாசி கட்ட வேண்டும். ஆக மொத்தம் 60 கிலோ. 45 நாளில் நன்றாக வந்தால் 260 கிலோ தேறும். அதில் 60 கிலோவை மறுபடி விதைக்கு எடுத்துவிட்டால் மிச்சம் 200. பத்துக்கு ஒன்று வீதம் காய்ந்து 20 கிலோ ஆகும்.

ஒருவர் 45 மிதவை வைத்துக்கொண்டு தினம் ஒன்று அறுப்பதுதான் வழக்கமான முறை. உலர்பாசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 1,000. மாதம் 25 நாள் என்றால் 25,000. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடைக் காற்றில் பாக் விரிகுடாப் பக்கம் மிதவை நிற்காது. சித்திரை, வைகாசிச் சூட்டில் வளர்ச்சி குறையும். நம்பி எண்ணக்கூடியது ஏழு மாதம். ஏழு மாதத்துக்கு 1,75,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 14,500 சொச்சம். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது நல்ல வருஷத்துக் கணக்கு. கயிறு, மூங்கில், படகுச் செலவை இன்னும் கழிக்கவில்லை. மூங்கிலைக் கடல் புழு துளைக்கும், இரண்டு வருஷத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கெடுவது நான்கு வழியில். ஒன்று, ஓரா மீன் மேய்ந்துவிடும். மிதவைக்கு அடியில் வலை கட்டியே ஆக வேண்டும், பழைய வலையாக இருந்தாலும் கிழிசல் இருக்கக்கூடாது. இரண்டு, தண்டு வெளுத்து ஒடிந்து விழும் நோய். தண்ணீர் சூடேறி அசைவில்லாமல் நின்றாலோ, மழைத் தண்ணீர் வந்து உப்பு குறைந்தாலோ வரும். வெளுப்பு கண்ணில் பட்ட அன்றே நல்ல துண்டை வெட்டி ஓட்டமுள்ள, சற்று ஆழமான இடத்துக்கு மாற்றினால் கொஞ்சம் மிஞ்சும். 2013-ல் சூட்டில் இந்தக் கரை முழுக்கப் பாசி அழிந்தது, அதற்குப் பிறகு பழைய அளவுக்கு வரவே பல வருஷம் பிடித்தது. மூன்று, ஒரே விதையை வருஷக்கணக்கில் வெட்டி வெட்டிக் கட்டுவதால் வீரியம் போய்விடுகிறது. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் திசு வளர்ப்பு நாற்று தருவதற்குக் காரணம் இதுதான். நான்கு, மணலில் உலர்த்துவது. மணலும் சிப்பியும் ஒட்டினால் எடையில் கழிப்பார்கள். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைமேல் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள், மழை நனையவிடாதீர்கள்.

மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மிதவை ஒன்றுக்கு 1,500 ரூபாய் மதிப்பு வைத்து, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் மானியம். வாங்கும் கம்பெனியிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: குறைந்தபட்ச விலை என்ன, கழிவு எவ்வளவு பிடிப்பார்கள், விதை செத்தால் மறு விதை யார் செலவு. மூன்றாவதற்கு "உங்கள் செலவு" என்று பதில் வந்தால் அது கூலி வேலையில்லை, நட்டத்துக்கும் நீங்களே பொறுப்பான சொந்தத் தொழில். அப்படி நினைத்து இறங்குங்கள்.

கேள்வி (ஏர்வாடி): எங்க பக்கம் ஏன் அதே பாசி போட விடமாட்டேங்கிறாங்க?

பதில்: பவளப்பாறை. கப்பாபைகஸ் வெளிநாட்டு இனம். பாறைமேல் படர்ந்தால் பவளம் மூச்சடைத்துச் சாகும். குருசடைத் தீவில் அது படர்ந்தது 2008-லேயே பதிவானது. 2005 அரசாணையே இந்தப் பாசியைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் அனுமதித்தது. உங்கள் எதிரே இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அந்தத் தடை நியாயம் என்றே நினைக்கிறேன், மீன் பொரிக்கிற இடம் அதுதான். ஆனால் தலைமுறையாக மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு மாற்று வழி காட்டாமல் தடையை மட்டும் நீட்டியது நியாயமில்லை. உள்ளூர் இனமான கஞ்சிப் பாசியைக் கயிற்றில் வளர்க்கலாம். விலை குறைவு, ஆபத்தும் குறைவு. வலமாவூரில் 127 கோடி ரூபாயில் திட்டமிட்ட கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் உள்ளூர் இன நாற்றுக்கு இடம் வேண்டும் என்று உங்கள் குழு மனுப் போடலாம்.

கேள்வி (ராமேஸ்வரம்): விசைப்படகுல பங்குக்குப் போறேன். வருமானம் வருஷா வருஷம் இறங்குது. ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் நமக்கு உதவுமா?

பதில்: முதலில் ஏன் இறங்குகிறது என்று பாருங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான் கடல், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆக 43 வாரம், வாரம் மூன்று நாள், எல்லாம் சேர்ந்தால் 129 நாள். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், படகு பிடிபட்ட நாள் எல்லாம் கழித்தால் நூறைத் தொடுவதே கஷ்டம். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இலங்கை 2017-ல் இழுவைமடியை (கடலடியை வாரிப் பிடிக்கும் வலை) தடை செய்து, 2018-ல் வெளிநாட்டுப் படகுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. படகு அரசுடைமையானால் முதலாளிக்கு முதல் போகிறது, உங்களுக்கு வேலையே போகிறது. உங்களுக்கு ஈடு தர எந்த ஒப்பந்தமும் இல்லை.

சூரைத் திட்டம் 2017-ல் தொடங்கியபோது படகு விலை 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, பயனாளி 8. இழுவைப்படகை ஒப்படைக்க வேண்டும். மூன்று ஆண்டில் 2,000 படகு என்றார்கள், கடலில் இறங்கியவை சில பத்துகளே. காரணம் வெளிப்படை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், இங்கே ஒரு ராத்திரியில் போய் வருகிறீர்கள். சூரைக்கு வாரக்கணக்கில் வெளிக்கடல், ஆயிரக்கணக்கான தூண்டில், டீசலுக்கும் ஐஸுக்கும் பெரிய முதல். பிடித்த மீனை உடனே தலையில் குத்திக் கொன்று, ரத்தம் வடித்து, குடல் செவுள் நீக்கி, ஐஸ் கூழில் இறக்காவிட்டால் சதை வெந்தது போலாகி ஏற்றுமதி விலை பாதியை விடக் கீழே போய்விடும். இந்தப் பழக்கம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களுக்கு உண்டு. படகு வாங்குவதற்கு முன் அவர்கள் படகில் ஒரு பருவம் ஆளாகப் போய்க் கற்றுக்கொள்வதுதான் சரியான வரிசை. எட்டு லட்சத்தை வட்டிக்கு வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): பஹ்ரைன்ல மீன்பிடி வேலைன்னு ஏஜென்ட் ஒரு லட்சம் கேக்குறார். போகலாமா மாமா?

பதில்: ஒரு லட்சம் கேட்டதிலேயே விஷயம் தெரிகிறது, மாப்பிள்ளை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் பஹ்ரைன், சவுதி, கத்தார் போகக் குடியேற்ற அனுமதி கட்டாயம். அதோடு பத்து லட்ச ரூபாய் காப்பீடும் வரும். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்" என்றால் அந்த இரண்டும் இல்லாமல் போகிறாய் என்று அர்த்தம். ஈரான் அந்த அனுமதிப் பட்டியலிலேயே இல்லை, அதனால் புறப்படும்போது யாரும் உன் ஒப்பந்தத்தைப் பார்க்கமாட்டார்கள். அங்கே போவதானால் இருமடங்கு கவனம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: மாதச் சம்பளமா, பங்கா? பங்கு என்றால் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் யார் கணக்கில்? மீன் படாத மாதம் குறைந்தபட்சத் தொகை உண்டா? வளைகுடாவில் ஒரு நாட்டு எல்லைக்கும் அடுத்ததற்கும் சில மணி நேர ஓட்டம்தான். எல்லை தாண்டச் சொல்வது முதலாளி, சிறைக்குப் போவது படகில் இருப்பவன். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போ.

கேள்வி (தொண்டி): இறால் பண்ணைல ஆள் கேக்குறாங்க. சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனா டன்னுக்கு இவ்வளவுன்னு இன்சென்டிவ் தர்றாங்களாம்.

பதில்: வனாமி இறால் 2009-ல் இந்தியாவுக்குள் அனுமதிக்கப்பட்டது, நாலு மாதத்தில் பிடிப்பு. குளத்துக்கு ஒரு ஆள் இருந்தால் போதும். எத்தனை ஏக்கர் பண்ணை வந்தாலும் ஊருக்கு வேலை பெருகாததன் காரணம் இதுதான்.

இன்சென்டிவை நம்பிச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் சில நாளில் குளம் காலி. ஈஎச்பி என்கிற நுண்ணுயிர் வந்தால் இறால் சாகாது, வளரவும் செய்யாது. தீவனம் தின்றுகொண்டே பத்துக் கிராமில் நிற்கும். முதலாளி 60, 70 நாளிலேயே பிடித்துவிடுவார், டன் கணக்கு பாதியாகும். விலையும் உங்கள் கையில் இல்லை. நம் இறாலை அதிகம் வாங்குவது அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அவர்கள் வரியை 50 சதவீதமாக்கியதும் பல பண்ணைகள் அடுத்த விதை விடத் தயங்கின. அதனால் "பிடிப்பு எப்போது நடந்தாலும் நாலு மாதச் சம்பளம்" என்று பேசுங்கள்.

வேலை என்பது நாலு வேளை தீவனம், தீவனத் தட்டைத் தூக்கி மிச்சம் பார்ப்பது, விடிவதற்கு முன் ஏரேட்டரை (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) கவனிப்பது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது பெரும்பாலும் அதிகாலை மூன்று மணிக்கு மேல்தான். அந்த இருட்டில், ஈரக் கையோடு, ஒட்டுப்போட்ட வயரில் ஸ்விட்சைத் தொடுவதால்தான் பண்ணையில் உயிர் போகிறது. சேரும் முன் பேனலில் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி) இருக்கிறதா, டெஸ்ட் பொத்தானை அமுக்கினால் விழுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்த பண்ணையா என்றும் கேளுங்கள்.

கேள்வி (மண்டபம்): நண்டு கம்பெனில கிலோ கணக்குல சதை எடுக்குறோம். "டெய்லி கூலி இல்ல, அதனால ஈஎஸ்ஐ இல்ல"ங்கிறாங்க. சரியா?

பதில்: தவறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்கூடத்தில் மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு. கிலோ கணக்குக் கூலியும் கூலிதான். உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25. இருபது பேர் இருந்தால் பிஎஃப்பும் வரும். ஷெட்டை இரண்டாகப் பிரித்துக் காட்டினாலோ காண்ட்ராக்டர் பெயரில் எழுதினாலோ மனம் தளராதீர்கள். தினம் எத்தனை கிலோ, எந்தத் தரம் என்று நோட்டில் எழுதித் தேதி போட்டு வையுங்கள், புகாரின்போது அதுதான் ஆதாரம். ஜம்போ லம்ப்புக்கு (பெரிய சதைத் துண்டு) ஒரு விலை, கால் சதைக்கு ஒரு விலை என்பதால் எடை போடும்போது தரம் பிரிப்பதையும் கண்ணால் பாருங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): இலங்கைல கடல் அட்டைப் பண்ணை போடுறாங்களே, இங்க முடியாதா?

பதில்: முடியாது. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் காயவைத்தாலும் சுமந்தாலும் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. கூலிக்குச் சுமக்கப் போகும் பையன்களுக்கும் அதே பிரிவுதான்.

கேள்வி (வாலிநோக்கம்): உப்பளத்துல வேலை பாக்குறோம். மழை மாசத்துக்கு எதுவும் உண்டா?

பதில்: உண்டு. வேலையில்லாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிற திட்டத்தை மாநில அரசு 2022-ல் தொடங்கியது. நலவாரியப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று மழைக்கு முன்பே சரிபாருங்கள். தனியார் அளத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பதிவில்தான் தடங்கல் வருகிறது.

கேள்வி (கீழக்கரை): பையன் பத்தாவது முடிச்சிருக்கான். கடல் வேலைதான் வேணுங்கிறான், ஆனா பங்குக்கு அனுப்ப மனசில்லை.

பதில்: மீன்பிடிக் கப்பல் வேலைக்குப் பயிற்சி தரும் மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனத்துக்குச் சென்னையில் ஒரு கிளை உண்டு. வெசல் நேவிகேட்டர் (கப்பலை வழிநடத்துவது), மரைன் ஃபிட்டர் (கப்பல் எஞ்சின் வேலை) என்று இரண்டு ஆண்டுப் பயிற்சி. கணக்கிலும் அறிவியலிலும் தலா 40 சதவீதம் வேண்டும், நுழைவுத் தேர்வு இருக்கும். நேவிகேட்டர் பிரிவு என்றால் முதலில் கண் டாக்டரிடம் நிறக்குருடு சோதனை செய்துவிடுங்கள். படித்து முடித்த பிறகு தகுதிச் சான்றுத் தேர்வில் அது தெரியவந்தால் இரண்டு வருஷமும் வீண். பார்வையில் குறை இருந்தால் ஃபிட்டர் பக்கம் அனுப்புங்கள். ஃபிட்டர் படித்தவன் கப்பலுக்குப் போகாவிட்டாலும், இந்தக் கரையில் நாட்டுப்படகுகளில் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சின்களுக்கு நல்ல மெக்கானிக் எந்த ஊரிலும் தேவைப்படுகிறார்.